தேய்ந்த காசுக்கும் இங்கே இடம் உண்டு... அமெரிக்கப் பழங்காசுகளைப் பலர் சேர்ந்து தொகுக்கும் 'டைப் செட்': அப்படினா என்ன, எப்படி நடக்கிறது?

1796, 1797 ஆகிய இரண்டு ஆண்டுகள் பொறித்த அமெரிக்க அரை டாலர் வெள்ளிக் காசுகள் மொத்தமே 3,918 என்கிறது பழைய பதிவு. உருக்கியது, தொலைந்தது போக இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். முகம் மங்கி, எழுத்து பாதி அழிந்துபோன ஒரு காசை வாங்கக்கூட பல்லாயிரம் டாலர் வேண்டும். மாதச் சம்பளத்தில் காசு சேர்க்கும் ஒருவருக்கு அது எட்டாக்கனி.

ஆனால் அந்தக் காசு இல்லாமல் அமெரிக்க நாணய வரலாற்றின் தொகுப்பு முழுமை அடையாது. அப்படியென்றால் என்ன செய்வது? பழங்காசு சேகரிப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காசு கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து ஒரே தொகுப்பைக் கட்டுவது. யாரும் யாருக்கும் காசைக் கொடுக்கத் தேவையில்லை, விற்கவும் தேவையில்லை. காட்டினால் போதும்.

கேட்க விளையாட்டுபோல இருக்கும். உள்ளே போனால் சட்டம், சண்டை, உலகப்போர், ஒரு பெரிய திருட்டு எல்லாம் வருகிறது. நம்ம ஊர் ரூபாய் நோட்டுக் கதையும் நடுவில் வருகிறது.

டைப் செட் அப்படினா என்ன?

காசு சேர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், ஒரே வகைக் காசை எடுத்துக்கொண்டு அது வெளிவந்த எல்லா ஆண்டுகளையும், எல்லா நாணயச் சாலைகளையும் தேடும். உதாரணத்துக்கு 'மெர்குரி டைம்' என்ற 10 சென்ட் காசு. 1916 முதல் 1945 வரை வந்தது. ஆண்டுவாரியாகச் சேர்த்தால் 1916-ல் டென்வரில் அச்சான காசில் போய் முட்டிக்கொள்வார்கள். அது வெறும் 2,64,000தான் வந்தது, அதனால் விலை எகிறும்.

இரண்டாவது ரகம்தான் டைப் செட். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒன்று. அவ்வளவுதான். மெர்குரி டைமில் எந்த ஆண்டாக இருந்தாலும் சரி, ஒன்று இருந்தால் அந்த இடம் நிரம்பிவிட்டது. 1944-ம் ஆண்டின் மலிவான காசு போதும்.

அரை சென்ட்டில் தொடங்கி 20 டாலர் தங்கக் காசு வரை இப்படி வரிசையாக அடுக்கினால், ஒரு நாட்டின் கதை கையளவில் வந்துவிடும். அமெரிக்க நாணயச் சாலை 1792-ம் ஆண்டுச் சட்டத்தால் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்டது. மக்கள் கைக்கு முதல் செம்புக் காசுகள் போனது 1793-ல். அந்த ஒரே ஆண்டில் மட்டும் ஒரு சென்ட் காசு மூன்று முறை உருமாறியது. முதலில் பின்பக்கம் சங்கிலி வளையங்கள். 'சுதந்திர நாட்டுக் காசில் சங்கிலியா?' என்று கேலி கிளம்பியதும் மலர்வளையம் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை, ஆண்டு முடிவதற்குள் தொப்பி வைத்த சுதந்திர தேவி வந்துவிட்டாள். சங்கிலி சென்ட் மொத்தம் 36,103 மட்டுமே. டைப் செட்டில் இந்த மூன்றுக்கும் தனித்தனி இடம்.

'கிளாசிக்' காசு என்பது எதுவரை? இதில் ஒரே பதில் கிடையாது. தங்கக் காசு நின்றுபோன 1933-ஐ எல்லையாக வைப்பவர்கள் உண்டு. 90 சதவீத வெள்ளிக் காசு புழக்கத்துக்கு வந்த கடைசி ஆண்டான 1964 வரை போகலாம் என்பவர்களும் உண்டு.

தனியாளால் முடியாதா?

முடியும், முடித்திருக்கிறார் ஒருவர். பால்டிமோர் நகர வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க். டைப் செட் அல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய வேலை. அன்று அறியப்பட்டிருந்த அமெரிக்கக் காசுகளை ஆண்டு, நாணயச் சாலை வாரியாக ஒன்றுவிடாமல் சேர்த்து, 1950-ல் முடித்தார். அவருக்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் செய்ததில்லை. சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தார்.

1976-ல் அவர் காலமானார். தங்கக் காசுகள் 1982-ல் ஏலம் போயின. மற்றவை 1996, 1997-ல் போயின. இன்று அந்தத் தொகுப்பு எங்கே என்றால், எங்கும் இல்லை. நூற்றுக்கணக்கான பெட்டகங்களில் சிதறிக் கிடக்கிறது.

வசதி குறைந்தவர்களுக்கு ஆல்பம் இருக்கிறது. டான்ஸ்கோ நிறுவனத்தின் 7070 என்ற ஆல்பம் சேகரிப்பாளர்கள் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். 'உன் 7070 எதுவரை வந்திருக்கு?' என்று எண்ணை மட்டும் சொல்லியே விசாரித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஆல்பமே ஒரு சமரசம்தான். 1793-ன் சங்கிலி சென்ட்டுக்கோ, 1796-97 அரை டாலருக்கோ அதில் குழியே கிடையாது. வாங்க முடியாததை முன்கூட்டியே கழித்துவிட்டார்கள்.

சேர்ந்து கட்டும் தொகுப்பில் எதையும் கழிக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் கவர்ச்சி.

சேர்ந்து கட்டுவது எப்படி நடக்கிறது?

பொதுவான நடைமுறை இதுதான். ஒருவர் பொறுப்பெடுத்து, எல்லா வகைகளையும் பட்டியல் போடுகிறார். மிகச்சிறிய மதிப்பில், அதாவது அரை சென்ட்டில் தொடங்கி மேலே போகும் வரிசை. ஒவ்வொரு மதிப்புக்குள்ளும் பழையது முதலில். அரை சென்ட்டில் மட்டும் 1793 முதல் 1857 வரை ஐந்து வகை.

பிறகு ஒவ்வொருவரும் தங்களிடம் இருக்கும் காசில் ஒன்றைக் கொண்டுவந்து அதற்குரிய இடத்தில் வைக்கிறார்கள். கிளப் கூட்டம் என்றால் மேஜையில் காசையே வைப்பார்கள். ஊர் ஊராகப் பிரிந்திருப்பவர்கள் என்றால் இரு பக்கமும் எடுத்த படம். கூடவே நாலு வரி விவரம்: ஆண்டு, நாணயச் சாலைக் குறி, தரம், ஏதாவது பழுது இருந்தால் அது, எப்படிக் கையில் வந்தது என்ற கதை.

ஒருவரே பத்து இடத்தை நிரப்பிவிட்டால் சுவாரசியம் போய்விடும். அதனால் ஒருவர் வைத்த பிறகு இன்னொருவர் வைக்கக் காத்திருக்க வேண்டும் என்று விதி போடுவது வழக்கம். இன்னொரு பிரச்சினையும் உண்டு. எல்லோரிடமும் மோர்கன் டாலர் இருக்கும், யாரிடமும் 20 சென்ட் காசு இருக்காது. அதுவும் சரி, 20 சென்ட் காசு யாரிடம்தான் இருக்கும்? 1875-ல் வந்தது, 25 சென்ட்டோடு அளவில் ஒத்துப்போய் மக்கள் குழம்பினார்கள், 1878-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் சேகரிப்பாளர்களுக்கான சிறப்புக் காசுகள் மட்டுமே வந்தன.

ஒரே வகைக்கு இருவர் வந்தால்? தரமானதை வைப்பதா, முதலில் வந்ததை வைப்பதா? இங்கேதான் குழுவின் குணம் தெரியும். நல்ல காசு வந்ததும் பழையதைத் தூக்கிவிடும் குழு கொஞ்ச நாளில் பணக்காரர் கண்காட்சியாகிவிடும். முதலில் வந்ததை வைத்துக்கொள்ளும் குழுவில் தேய்ந்த காசு வைத்திருப்பவரும் தயங்காமல் வருவார். இரண்டாவதுதான் நியாயம். சேர்ந்து கட்டுவதன் அர்த்தமே அதில்தான் இருக்கிறது.

எத்தனை வகை? சண்டை தொடங்கும் இடம்

வகைகள் நூற்றுக்கும் மேல் என்று சொல்லலாம். சரியான எண்ணைக் கேட்டால் இரண்டு சேகரிப்பாளர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். காரணம், 'வடிவம் மாறியது' என்பதை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

1853-ம் ஆண்டின் 25 சென்ட் காசைப் பாருங்கள். அமர்ந்திருக்கும் சுதந்திர தேவி முந்தைய ஆண்டைப் போலவேதான் இருக்கிறாள். ஆனால் ஆண்டு எண்ணின் இரு பக்கமும் இரண்டு குட்டி அம்புகள். பின்பக்கம் கழுகைச் சுற்றி ஒளிக்கதிர்கள். எதற்கு?

கலிஃபோர்னியாவில் தங்கம் கொட்டியதால் வந்த வினை. தங்கம் பெருகியதும் அதோடு ஒப்பிட வெள்ளியின் விலை ஏறியது. காசில் இருந்த வெள்ளி, காசின் மதிப்பைத் தாண்டிவிட்டது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? உருக்கி விற்றார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சில்லறையே காணாமல் போனது. அரசு 1853 பிப்ரவரியில் சட்டம் போட்டு காசின் எடையைக் குறைத்தது. அரை டாலர் சுமார் 13.36 கிராமில் இருந்து 12.44 கிராமுக்கு இறங்கியது. எது புதிய எடை என்று பார்த்ததும் தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அம்பு. கதிர்கள் அந்த ஒரே ஆண்டோடு நின்றுவிட்டன, அம்புகள் 1855 வரை இருந்தன.

ஆக, அம்பும் கதிரும் உள்ளது ஒரு வகை. அம்பு மட்டும் உள்ளது இன்னொரு வகை. 1873-ல் எடையை இம்மியளவு ஏற்றியபோது மறுபடி அம்பு வந்தது. அதுவும் தனி வகையா? 'அம்புக்கெல்லாம் இடம் கொடுத்தால் பட்டியல் எங்கே முடியும்?' என்று ஒரு தரப்பு. 'அந்த அம்புக்குப் பின்னால் ஒரு பொருளாதார நெருக்கடியே இருக்கு, அதை எப்படி விடறது?' என்று இன்னொரு தரப்பு. இரண்டாம் தரப்பின் வாதமே வலுவாகத் தெரிகிறது.

1883-ம் ஆண்டின் 5 சென்ட் நிக்கல் காசில் இந்தச் சண்டை வராது. அதன் கதை எல்லோருக்கும் பிடித்தது. புதிய காசின் பின்பக்கம் ஐந்தைக் குறிக்கும் ரோமன் எழுத்து 'வி' மட்டும் இருந்தது. 'சென்ட்' என்ற சொல் இல்லை. அளவு கிட்டத்தட்ட 5 டாலர் தங்கக் காசு அளவு. சிலர் அதற்குத் தங்க முலாம் பூசி 5 டாலராகக் கடைகளில் தள்ளிவிட்டார்கள். நாணயச் சாலை பதறிப்போய் அதே ஆண்டில் 'சென்ட்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தது.

சொல் இல்லாத காசு திரும்பப் பெறப்படும், அரிதாகிவிடும் என்று நினைத்து மக்கள் எடுத்துப் பதுக்கினார்கள். விளைவு தலைகீழ். அரிதாகும் என்று பதுக்கிய காசு இன்று பளபளப்பாக, மலிவாகக் கிடைக்கிறது. சேர்ந்து கட்டும் தொகுப்பில் முதல் ஆளாக வந்து உட்காரும் காசுகளில் இதுவும் ஒன்று.

தேதி அழிந்த காசுக்கு மரியாதை

ஆண்டுவாரியாகச் சேர்ப்பவருக்கு, ஆண்டு எண் அழிந்த காசு செல்லாக்காசு. டைப் செட்டில் அப்படி இல்லை.

நின்றிருக்கும் சுதந்திர தேவி கொண்ட 25 சென்ட் காசு 1916 முதல் 1930 வரை வந்தது. அதில் ஆண்டு எண் மேடாகத் துருத்திக்கொண்டிருந்ததால் கைமாறிக் கைமாறி முதலில் தேய்ந்தது அதுதான். 1925-ல்தான் எண்ணைச் சற்றுப் பள்ளத்தில் வைத்தார்கள். எருமை நிக்கல் என்று செல்லமாக அழைக்கப்படும் 5 சென்ட் காசுக்கும் இதே விதி. இப்படித் தேதி தெரியாத காசுகள் கடைகளில் குவியலாகக் கிடக்கும்.

ஆண்டு தெரியாவிட்டால் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பிப் பாருங்கள். அந்த 25 சென்ட் காசின் வடிவம் 1917-ன் நடுவில் மாறியது. புதிய வடிவில் கழுகின் அடியில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும், பழையதில் இருக்காது. எருமை நிக்கலில் 1913-ன் முதல் வகையில் எருமை மேட்டின் மேல் நிற்கும். அடுத்த வகையில் அடியில் ஒரு நேர்கோடு ஓடும். அந்த அடையாளம் தெரிந்தால் போதும், இடம் நிரம்பியது.

பள்ளி மாணவர் ஒருவர்கூட இப்படிப் பங்கு கொள்ளலாம். 1943-ன் எஃகு சென்ட் நல்ல உதாரணம். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் காசு அடித்தார்கள். 100 கோடிக்கு மேல் வந்தது. சில்லறை விலைக்குக் கிடைக்கும். காந்தத்தில் ஒட்டும் சென்ட் இது. அரை டாலரின் பக்கத்தில் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் காலியாக இருந்தால் தொகுப்பு முழுமை இல்லை.

இந்தியா எங்கே வருகிறது?

மோர்கன் டாலர் இடம் வரும்போது. 1878 முதல் 1904 வரை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட வெள்ளி டாலர் இது. பெரும்பாலும் புழங்காமல் மூட்டைகளில் தூங்கியது.

முதல் உலகப்போர் நேரம். பிரிட்டிஷ் இந்தியாவில் காகித ரூபாயின் மேல் மக்களுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள். கஜானாவில் வெள்ளி கரைந்துகொண்டே போனது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கைநீட்டியது. 1918-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது. 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி வெள்ளி இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அந்தக் கால வெள்ளி ரூபாய்களில் மோர்கன் டாலரும் கலந்திருக்கிறது என்று சொன்னால் மிகையல்ல.

எந்த ஆண்டின் டாலர்கள் எத்தனை உருகின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர்களுக்கு அது இன்றும் தலைவலி. உருக்கிய அளவுக்குப் புதிதாக அடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. அதனால் 1921-ல் மோர்கன் டாலர் மறுபடி வந்தது. அதே ஆண்டுக் கடைசியில் புதிய 'பீஸ்' டாலரும் வந்தது. அந்த முதல் பீஸ் டாலரின் உருவம் மிகவும் புடைப்பாக இருந்ததால் அடுத்த ஆண்டே தட்டையாக்கினார்கள். 1921-ன் புடைப்பு டாலர் பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான். கறாரான பட்டியல்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

நம்பிக்கை... அதுதான் பெரிய செலவு

காசை அடுத்தவர் முன் வைப்பதில் ஒரு ஆபத்து எப்போதும் உண்டு. அமெரிக்காவின் காசு உலகமே மறக்க முடியாத ஒரு சம்பவம் இருக்கிறது.

வில்லியம் ஷெல்டன் ஒரு உளவியலாளர். பழைய ஒரு சென்ட் காசுகளைப் பற்றி 1949-ல் அவர் எழுதிய நூல் இன்றும் அடிப்படை. காசின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடும் முறை அவருடையது. 70 மதிப்பெண் காசு, 1 மதிப்பெண் காசைவிட 70 மடங்கு விலை பெறும் என்ற கணக்கில் தொடங்கியது. அந்த விலைக் கணக்கு காலாவதியாகிவிட்டது, ஆனால் 70 என்ற அளவுகோல் இன்றுவரை உலகம் முழுக்கப் புழங்குகிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பை ஆராயப் போனவர், அங்கிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே ரகத்தில் தன்னிடம் இருந்த மட்டமான காசுகளை வைத்துவிட்டார். எண்ணிக்கை குறையாததால் சந்தேகம் வரவில்லை. 1977-ல் அவர் இறந்து ஆண்டுகள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. காட்டிக்கொடுத்தது பழைய புகைப்படங்கள். அந்தக் காலக் காசுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல், ஒரு புள்ளி, ஒரு கறை தனியாக இருக்கும். படத்தில் இருந்த காசும் தட்டில் இருந்த காசும் ஒன்றல்ல என்று ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஷெல்டனிடமிருந்து காசுகளை வாங்கியவருக்கும் சங்கத்துக்கும் இடையே வழக்கு கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை போனது.

இத்தனைக்குப் பிறகும் காசைக் கொண்டுவந்து காட்டும் பழக்கம் நிற்கவில்லை. 1967-ல் தொடங்கிய 'எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்' என்ற செம்புக் காசு சேகரிப்பாளர் சங்கம் தன் ஆண்டு மாநாட்டில் 'ஹாப்பனிங்' என்று ஒன்று நடத்துகிறது. எந்தெந்த ரகங்கள் என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். உறுப்பினர்கள் தங்கள் காசைக் கொண்டுவந்து மேஜையில் வரிசையாக வைப்பார்கள். சுற்றிப் பார்ப்பவர்கள் எது சிறந்தது என்று வரிசைப்படுத்துவார்கள். ஒரே ரகத்தில் பல காசுகளை அருகருகே பார்க்கும் வாய்ப்பு எந்த அருங்காட்சியகத்திலும் எளிதில் கிடைக்காது. அமர்ந்த சுதந்திர தேவி காசுகளுக்கும், பார்பர் வடிவக் காசுகளுக்கும்கூட இப்படித் தனித்தனிச் சங்கங்கள் உண்டு.

படத்தில் தெரியாதது என்ன?

இன்று பெரும்பாலும் பரிமாறிக்கொள்வது படங்கள்தான். மொபைல் திரையில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் அளவு. திரையில் எல்லாக் காசும் ஒரே அளவு வட்டம். ஆனால் 1851-ல் வந்த 3 சென்ட் வெள்ளிக் காசு வெறும் 14 மில்லிமீட்டர், எடை 0.8 கிராம். தபால் கட்டணம் 3 சென்ட்டாகக் குறைந்ததால் பிறந்த காசு. மெல்லிசாக இருந்ததால் 'மீன் செதில்' என்று பெயர். 20 டாலர் தங்கக் காசோ 34 மில்லிமீட்டர், 33 கிராமுக்கு மேல். விவரத்தில் அளவு எழுதாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்தது, தேய்த்துச் சுத்தம் செய்த காசு. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் காசைத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு சரிந்துவிடும். மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் விழுந்துவிடும். கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் தெரிவது, நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மறைந்துபோகும். 'இது முன்னாடி யாரோ தேய்ச்சது' என்று வைப்பவரே எழுதிவிடுவது நல்ல குழுக்களின் மரபு. எழுதாமல் விட்டு அடுத்தவர் கண்டுபிடித்துச் சொன்னால், அடுத்த முறை அவர் காசை யாரும் நம்ப மாட்டார்கள்.

போலிகளும் உண்டு. அதிகம் போலி செய்யப்படும் வகைகளில் ஒன்று 'டிரேடு டாலர்'. சீன வியாபாரத்துக்காக 1873 முதல் அடிக்கப்பட்ட இந்த வெள்ளிக் காசின் எடை சுமார் 27.2 கிராம், மோர்கன் டாலரைவிடச் சற்று அதிகம். முதல் சோதனை தராசுதான். சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்திய அசல் காசுகளும் இருக்கின்றன. சிலருக்கு அது பழுது. சிலருக்கு அதுதான் அந்தக் காசு செய்த வேலைக்குச் சாட்சி. தொகுப்பில் முத்திரை குத்திய டிரேடு டாலரே வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. பழங்காசு நகல்களில் 'நகல்' என்று பொறித்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1973 முதல் சட்டம் இருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் அதைப் பொறிக்க மாட்டார் என்பது சொல்லவே வேண்டாம்.

1980-களில் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, தரம் குறித்து, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரத் தொடங்கிய பிறகு நம்பிக்கைச் சிக்கல் பாதி குறைந்தது. ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு. சில டாலர் மதிப்புள்ள காசுக்கு யாரும் அதைக் கட்ட மாட்டார்கள்.

இன்னொன்றும் முக்கியம். வீட்டு முகவரி, காசு வைத்திருக்கும் இடம், படம் எடுத்த இருப்பிடத் தகவல் எதையும் பகிரக் கூடாது. மொபைல் எடுக்கும் படத்தில் இருப்பிடம் தானாகவே பதிவாகலாம், அதை அணைத்துவிட்டு எடுப்பது பாதுகாப்பு.

தங்கம் வரும்போது

தொகுப்பு தங்கத்தை நெருங்கும்போது வேகம் குறையும். 1933 ஏப்ரலில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவின்படி மக்கள் தங்கக் காசுகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஏராளமான காசுகள் உருகின. ஆனால் அதே உத்தரவில் சேகரிப்பாளர்களின் அரிய காசுகளுக்கு விலக்கு இருந்தது. அந்தச் சின்ன விலக்கு இல்லையென்றால் இன்று தங்க வரிசை எத்தனையோ இடங்களில் ஓட்டையாக இருந்திருக்கும்.

இருப்பதில் மலிவானவை 1 டாலர், 2.5 டாலர் காசுகள். 1908 முதல் வந்த 2.5 டாலரில் உருவம் மேடாக இல்லாமல் பள்ளமாகச் செதுக்கியிருக்கும். பள்ளத்தில் அழுக்கு சேரும், கிருமி தங்கும் என்று அந்தக் காலத்தில் புகார் கிளம்பியது. 20 டாலர் வரிசையில் எல்லோரும் காத்திருப்பது சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸின் வடிவத்துக்கு. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கேட்டு அவர் வடித்தது. காசு மக்கள் கைக்குப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1907 ஆகஸ்டில் சிற்பி காலமானார்.

தங்கத்திலும் ஒரு தகராறு உண்டு. 1879, 1880-ல் மாதிரிக்காக மட்டும் அடித்த 4 டாலர் 'ஸ்டெல்லா'வுக்கு இடம் உண்டா? புழக்கத்துக்கே வராத காசு என்பதால் வேண்டாம் என்பார்கள் பலர். 1856-ன் பறக்கும் கழுகு சென்ட்டும் மாதிரிக் காசுதான், ஆனால் அதே வடிவம் 1857, 1858-ல் புழக்கத்துக்கு வந்துவிட்டதால் அங்கே சிக்கல் இல்லை.

காலி இடங்களை என்ன செய்வார்கள்?

நூறு பேர் சேர்ந்தாலும் சில இடங்கள் நிரம்பாது. 1796-ன் 25 சென்ட் காசு அப்படிப்பட்டது. மொத்தம் 6,146. அதற்கு அடுத்த 25 சென்ட் எட்டு ஆண்டு கழித்து 1804-ல்தான் வந்தது, அதுவும் வேறு வடிவில். 1794-ன் முதல் வெள்ளி டாலர் மொத்தம் 1,758. அதில் ஒன்று 2013-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. நல்லவேளை, அதே வடிவம் 1795-லும் வந்தது. டைப் செட்டுக்கு 1795 போதும்.

நிரம்பாத இடத்தில் அருங்காட்சியகக் காசின் படத்தை ஒட்டிவிடலாமா என்ற பேச்சு எழும். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் தேசியத் தொகுப்பில் எல்லாமே இருக்கிறதே? ஆனால் உறுப்பினர் கையில் இருக்கும் காசு மட்டுமே என்பதுதான் இந்த முயற்சியின் விதி. படத்தை ஒட்டி நிரப்பினால் அது புத்தகம் ஆகிவிடும், தொகுப்பு ஆகாது.

அதனால் காலியாகவே விடுகிறார்கள். பட்டியலில் 1794-95 அரை டாலரில் ஒருவர் தன் தேய்ந்த காசை வைத்திருப்பார். 1801-07 வகையில் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் 1796-97 என்று எழுதி, கீழே வெற்றிடம். ஒரு நாள் புதிதாகச் சேரும் ஒருவர், அதிகம் பேசாதவர், முகம் மங்கிய ஒரு காசின் படத்தோடு வந்து, 'இது தேறுமா?' என்று கேட்கலாம்.